ஹெல்மெட் பார்க்கும் ஒனேலியா

எங்கள் எல் மங்லேயில் எந்தப் பையனுக்கு எவ்வளவு பெரிய தலை என்று ஒனேலியாவைக் கேட்டால் போதும். ஊரில் உள்ள தலையெல்லாம் அவள் கையில் பட்டவைதான். என் மளிகைக் கடைக்கு நேர் எதிரே இரண்டு நாற்காலியும் ஒரு பெரிய கண்ணாடியும் போட்டு அழகு நிலையம் நடத்தினாள். சனிக்கிழமை ஆனால் பெண்கள் தலையில் சுருள் மாட்டிக்கொண்டு வாசல்வரை உட்கார்ந்திருப்பார்கள். முடி கருகும் வாடையும் நகப்பூச்சு வாடையும் தெருவைத் தாண்டி வந்து என் அரிசி மூட்டைமேல் உட்காரும்.

"உன் கடை வாடை என் அரிசியில அடிக்குதாம், வாங்குறவங்க சொல்றாங்க" என்பேன்.

"அப்படியாவது உன் அரிசிக்கு ஒரு வாசம் வந்துச்சேன்னு சந்தோஷப்படு" என்பாள். அவள் வாய் அப்படி. அந்த வாயோடு சேர்த்துத்தான் இந்தத் தெரு அவளைத் தாங்கியது. அவளும் தெருவைத் தாங்கினாள்.

அவள் வாசலில் இன்னொரு நாற்காலி உண்டு, பிரம்பு நாற்காலி. அதில் அவள் தம்பி மோன்ச்சோ உட்கார்ந்திருப்பான். பத்து வயதில் பேஸ்பால் ஆடும்போது பொட்டில் பந்து பட்டது. அந்தக் காலத்தில் ஹெல்மெட் ஏது, கண்டது ஏது? கொய்யாக் கிளையை வெட்டி மட்டையாக்கி, வெறும் தலையோடு நின்று அடித்தோம். அன்றைக்கு நானும் மைதானத்தில்தான் இருந்தேன். விழுந்தவன் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லடா" என்றுகூடச் சொன்னான். பொழுது சாய்வதற்குள் வாய் கோணிவிட்டது. அதற்குப் பிறகு அவன் முழு வாக்கியமாக ஒன்றும் பேசியதில்லை. இப்போது அவனுக்கு நரைத்துவிட்டது. மோட்டார் சைக்கிள் போனால் சிரிப்பான், மழை வந்தால் அழுவான், சோற்றை யாராவது ஊட்ட வேண்டும். அம்மா இருந்தவரை அம்மா ஊட்டினாள், பிறகு ஒனேலியா ஊட்டினாள்.

அவளைக் கட்டிக்கொள்ள ஒருவன் கேட்டான். கப்பலில் சமையல்காரன், நல்ல ஆள்தான். "நாம புவேர்த்தோ ரிக்கோ போயிடுவோம், இவனை எங்கேயாவது நல்ல இடமாப் பாத்து விட்டுடலாம்" என்றான். அவள் அவன் தலைக்கு அப்போதுதான் சோப்புப் போட்டிருந்தாள். அந்த நுரையோடு அப்படியே தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கண் எரிய எரிய என் கடைக்கு வந்து தண்ணீர் கேட்டான், பாவம்.

பிள்ளைகள் பேஸ்பால் லீகில் அவள் ஏன் வந்து சேர்ந்தாள் என்று இதற்குமேல் விளக்க வேண்டுமா? இன்னொரு பையன் மோன்ச்சோ மாதிரி ஆகக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு. எந்த அணி ஜெயித்தது என்று கேட்டால் தெரியாது. எவன் தலையில் எது இருந்தது என்று கேளுங்கள், சொல்லுவாள்.

வருஷா வருஷம் நியூயார்க் போன நம் ஆட்கள் மூட்டை கட்டி அனுப்புவார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் போட்டுக் கழித்த சாமான். அதைப் பிரித்துப் பங்கு வைப்பது அவள் பொறுப்பு. பையன்கள் அழகு நிலைய வாசலில் வரிசையில் நிற்பார்கள். மட்டையைக் கொடுத்து, கையை நேரே நீட்டிப் பிடிக்கச் சொல்லுவாள். கை நடுங்கினால் பிடுங்கிக்கொண்டு சின்னதாக ஒன்று தருவாள். பெரியவர்கள் கையுறைக்கு ஆசைப்படுகிறவன் முன்னால் ஒரு பந்தை உருட்டிவிட்டு, "மூடுடா பாப்போம்" என்பாள். கையுறை மூடாது. "இது உனக்குக் கையுறை இல்ல, தலையணை. வச்சிட்டுப் போ."

ஹெல்மெட் என்று வந்தால் விளையாட்டெல்லாம் நின்றுவிடும். யூதெல்காவோடு அவள் போட்ட சண்டை எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. யூதெல்கா தையல் ஆலைக்குப் போகிறவள், புருஷன் இல்லை, நெல்ஃபின் ஒரே பையன்.

"அக்கா, ஒரு சைஸ் பெருசாக் குடுங்க. வளர்ற புள்ள, ரெண்டு வருஷம் வரும்ல?"

"செருப்பு வாங்க வந்தியா? தலை என்ன பூசணிக்காயா, ஒரே மழையில வளர்றதுக்கு?"

"எல்லாரும் அப்படித்தான வாங்குறாங்க…"

"எல்லாரும் கெடக்கட்டும். டேய் ராசா, இங்க பாரு. 'வேணாம், வேணாம்'னு தலையை ஆட்டு."

நெல்ஃபின் ஆட்டினான். தலை ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம் போனது. வரிசையில் இருந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒனேலியா இன்னொன்றை மாட்டி, கன்னத்துப் பஞ்சை அமுக்கி, புருவத்துக்கு மேல் விரல் வைத்துப் பார்த்து, மறுபடி ஆட்டச் சொன்னாள். இந்த முறை ஹெல்மெட் தலையோடு திரும்பியது. கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டி, "இதுதான் உன் தலை. வேற எவன் கேட்டாலும் குடுக்காத" என்றாள்.

அந்த வருஷம் லீகுக்கு ஒரு புரவலர் கிடைத்தார். தோன் எவெலியோ, சாலைமுனையில் அரிசிக் கிடங்கு வைத்திருப்பவர். துவக்க விழா ஊர்வலம் பெரிதாக நடக்க வேண்டும், அவர் மகள்தான் அணியின் ஞானத்தாயாக, ராணி மாதிரி தோளில் பட்டுப் பட்டை போட்டுக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும், பிள்ளைகளுக்கு எல்லாம் புதுச் சீருடை தன் செலவு என்றார். கூட்டம் என் கடை முன்னால்தான் நடந்தது, டாமினோ மேசையை ஒதுக்கிவிட்டு.

ஒனேலியா எழுந்தாள். "தோன் எவெலியோ, சட்டை பழசு இருக்கு, துவைச்சுப் போட்டுக்குவாங்க. அந்தக் காசுக்கு ஹெல்மெட் வாங்கித் தாங்க. இருக்குறதெல்லாம் ரொம்பப் பழசு."

அவர் சிரித்தார். "ஏம்மா, சட்டை முதுகுல என் கடைப் பேரு இருக்கும். ஹெல்மெட்ல எங்க எழுதுறது, காதுலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். தாய்மார்களும்தான், சொல்லட்டுமா? ஊர்வலத்தில் தன் பிள்ளை புதுச்சட்டையில் நடக்க வேண்டும் என்று எந்தத் தாய்க்குத்தான் ஆசை இல்லை? கையைத் தூக்கச் சொன்னார்கள். ஒனேலியா பக்கம் நானும், கை சரியாக எழாத ஒரு கிழவரும்தான். கண்ணுக்குத் தெரிகிற சட்டை, கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. எது ஜெயிக்கும்?

அதோடு விட்டார்களா? ஹெல்மெட் எல்லாம் ஆளுக்கு ஒரு நிறம், கிளிக்கூண்டு மாதிரி இருக்கிறது, புதுச் சீருடைக்குப் பொருந்தாது என்று ஒருத்தி ஆரம்பித்தாள். சரி, நீலம் அடித்துவிடலாம் என்று முடிவானது. படகுகளுக்குச் சாயம் அடிக்கிற சென்ச்சோ, பெயின்ட் மிச்சம் இருக்கிறது, அடித்துத் தருகிறேன் என்றான்.

ஒனேலியா முகம் சுண்டிப் போய்த்தான் வீட்டுக்குப் போனாள். ஆனால் அவள் முறுக்கிக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை. புதிது இல்லாவிட்டால் பழையதை ஒழுங்காக வைத்துக்கொள்வோம் என்று இறங்கிவிட்டாள். ஹெல்மெட் ஒன்றொன்றிலும் வேறு ஊர் அணிகளின் ஒட்டுப்படம், பசை, கீறல், வருஷக்கணக்கான அழுக்கு. சோப்புப் போட்டாள், போகவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. அப்புறம் அவள் கடையிலேயே பாட்டில் பாட்டிலாக இருக்கும் நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தாள். ஒட்டுப்படம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது.

"செலோ, இங்க வந்து பாரேன்!" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். மடியில் ஒரு ஹெல்மெட், காலடியில் குவியலாக மற்றவை. அழுக்கும் பசையும் போன இடம் தெரியவில்லை.

"கல்யாணப் பொண்ணுக்குக்கூட நீ இவ்வளவு தேச்சதில்ல" என்றேன்.

"கல்யாணப் பொண்ணு மண்டையில யாரும் பந்து எறியப் போறதில்ல" என்றாள். பிறகு விரலால் தடவிப் பார்த்தாள். "கொஞ்சம் பிசுபிசுன்னு இருக்கு. காஞ்சா சரியாப் போயிடும்."

வாடிக்கைக்காரிகள் இல்லாத நேரமெல்லாம் அதே வேலைதான். உள்ளேயும் வெளியேயும், காது ஓட்டையைச் சுற்றியும், விளிம்பிலும், ஒரு இடம் விடாமல். மோன்ச்சோ பக்கத்தில் உட்கார்ந்து வாடைக்குத் தும்மிக்கொண்டிருந்தான். யாருக்கும் பொருந்தாத பொடிசு ஒன்று, மஞ்சள் நிறம், அதை மட்டும் தேய்க்காமல் ஒதுக்கிப் போட்டாள். சென்ச்சோ நீலம் அடித்து, துணிக்கொடியில் தொங்கவிட்டான். தெருவே நின்று பார்த்தது. புதிதென்றே சொல்லலாம், அப்படி இருந்தன.

ஊர்வலம் நடந்தது. மேளம் என்ன, எக்காளம் என்ன! தோன் எவெலியோவின் மகள் கிரீடம் வைத்து நடந்தாள். பின்னால் பிள்ளைகள் நீல ஹெல்மெட் மின்ன நடந்தார்கள். நெல்ஃபின் எங்கள் கடை முன்னால் வந்ததும் ஒனேலியாவைப் பார்த்து 'வேணாம், வேணாம்' என்று தலையை ஆட்டிக் காட்டினான். ஹெல்மெட் அசையவில்லை. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு முதல் ஆட்டம். அவள் எப்போதும் உட்காருகிற இடம் மட்டைக்காரனுக்குப் பின்னால் வலையை ஒட்டி. நெல்ஃபின் அடிக்க வந்தான். எறிந்தவன் ஆற்றங்கரைப் பையன், நெட்டையன், வேகமாக எறிவான், ஆனால் கை நிலையில்லை. பந்து உள்ளே வந்தது. பிள்ளை ஒதுங்கத்தான் பார்த்தான்.

ஹெல்மெட்டில் பந்து பட்டால் 'டொக்'கென்று ஒரு சத்தம் வரும். எல்லாரும் ஐயோ என்போம், பையன் தலையைத் தடவிக்கொண்டு முதல் தளத்துக்கு நடப்பான், கைதட்டுவோம். எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். அன்றைக்கு அந்தச் சத்தம் வரவில்லை. முட்டை ஓடு நசுங்குகிற சத்தம் வந்தது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்து பக்கத்துக்கு ஒன்றாக விழுந்தது. நடுவில் நெல்ஃபின் கிடந்தான்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எங்கள் ஊரில் தலைப்பாகையும் போயிற்று, தலையும் போயிற்று.

முதலில் ஓடியவள் ஒனேலியா. "தூக்காதீங்க, தலையைத் தூக்காதீங்கடா!" என்று கத்திக்கொண்டே போய்ப் பக்கத்தில் படுத்து அவன் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். மீன் ஏற்றுகிற வண்டியில் தலைநகருக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் அவள் கையை எடுக்கவில்லை. யூதெல்கா காலைப் பிடித்துக்கொண்டு பிரார்த்தனை சொல்லிக்கொண்டே வந்தாள். பாதியில் அவளுக்கு வார்த்தை மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

உயிர் பிழைத்தது. உயிர் மட்டும்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? எல்லாப் பழியும் தோன் எவெலியோ தலையில் விழுந்தது. நானே அவர் கிடங்கு வாசலில் நின்று, "உம்ம பேரு எழுதின சட்டையை வச்சு அந்தப் பிள்ளை மண்டையை ஒட்டுமய்யா!" என்று கத்தினேன். கை தூக்கிய தாய்மார்கள் எல்லாம் இப்போது, "ஒனேலியா அன்னைக்கே சொன்னா, நாமதான் கேக்கல" என்றார்கள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்.

ஒரு மத்தியானம் சென்ச்சோ கடைக்கு வந்தான். பிளந்த ஹெல்மெட்டின் ஒரு துண்டு கையில். கத்தியால் நீலத்தைச் சுரண்டியிருந்தான். உள்ளே வற்றிய குட்டை மாதிரி பொடிப் பொடியாக வெடிப்பு.

"செலோ அண்ணே, பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னால அந்தம்மா இதை எதைப் போட்டுத் தொடச்சாங்க?"

"நகப்பூச்சு அழிக்கிற தண்ணி. ஏன்?"

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். "ஐயையோ. அது பிளாஸ்டிக்கைத் தின்னுடும் அண்ணே. படகுல நாங்க அந்தப் பக்கமே கொண்டு போக மாட்டோம். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே… என் கைக்கு வரும்போது சுத்தமா இருந்துச்சு, நானும் அடிச்சுட்டேனே!"

நான் அந்தத் துண்டைப் பிடுங்கி மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் போட்டேன். "வெளிய மூச்சு விட்டே, கொன்னுடுவேன். அவ காதுக்குப் போச்சுன்னா அவ இருக்க மாட்டா."

"நான் ஏன் சொல்லப் போறேன்?" என்று அழுதான் அவன்.

நாங்கள் சொல்லவில்லை. என்ன பிரயோஜனம்? அதே வாரம் ஒனேலியா தெருவைக் கடந்து வந்தாள். கையில் சீப்பு வைக்கிற பிளாஸ்டிக் தட்டு. அதன் ஒரு மூலை வெளுத்து, குழிந்து, நூல் நூலாக வெடித்திருந்தது. எத்தனையோ வருஷமாக அந்தத் தண்ணீர் சிந்திச் சிந்தி ஆனது. அவள் மேசையிலேயே இருந்தது, தினம் பார்த்த தட்டு.

"செலோ, இது ஏன் இப்படி ஆச்சு?"

"வெயில்ல ஆயிருக்கும்."

என்னையே பார்த்தாள். "உனக்குப் பொய் சொல்லத் தராசு வேணும். வாயால வராது."

திரும்பிப் போனாள். மிச்சமிருந்த ஹெல்மெட்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தாள். நான் கடையைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். ஒவ்வொன்றாகத் தரையில் கவிழ்த்து மட்டையால் ஓங்கி அடித்தாள். ஒவ்வொன்றும் தெறித்தது. இவன் தலை, அவன் தலை என்று பையன்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி அடித்தாள். கடைசியாக அந்தத் தேய்க்காத மஞ்சள் பொடிசு. அடித்தாள். துள்ளி விழுந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி துள்ளியது. மட்டையைப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சும்மா விட்டிருந்தா அவன் நடந்திருப்பான், செலோ" என்றாள். பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் இவள் குடியைக் கெடுத்தது எது? அக்கறை! நான் ஆண்டவனிடம் கேட்கிறேன், இது என்ன நியாயம்?

நெல்ஃபினை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒனேலியா அழகு நிலையத்தைப் பூட்டிவிட்டாள். விடிந்ததும் மோன்ச்சோவுக்கு ஊட்டிவிட்டு, யூதெல்கா வீட்டுக்குப் போய்ப் பையனைத் தூக்கிக் குளிப்பாட்டி, வாழைக்காயைக் கடைந்து ஊட்டிவிடுவாள். அந்த வேலை அவளுக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? தலையை எந்தப் பக்கம் சாய்த்தால் புரையேறாது, எப்போது தொண்டையைத் தடவ வேண்டும், எல்லாம். யூதெல்கா அவளைப் புனிதை என்றே எல்லாரிடமும் சொன்னாள். அதைக் கேட்கக் கேட்க ஒனேலியா இளைத்துக்கொண்டே போனாள்.

"சொல்லித் தொலைக்காத" என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். "சொல்லி என்ன ஆகப் போவுது? பிள்ளை எழுந்து நடக்கப் போறானா? அவளுக்கு இருக்குறது நீ ஒருத்திதான்."

"அதனாலதான்" என்றாள்.

நான் அரிசி கொடுக்கப் போன ஒரு காலையில்தான் அது நடந்தது. யூதெல்கா அடுப்படியில் வாழைக்காய் கடைந்துகொண்டிருந்தாள். நெல்ஃபின் தலையை ஒனேலியா துவட்டிக்கொண்டிருந்தாள்.

"யூதெல்கா, ஹெல்மெட்டு உடைஞ்சது பழசுனால இல்ல. நான் போட்டுத் தேச்சது அதை அரிச்சிடுச்சு. நான்தான் கெடுத்தேன்."

யூதெல்காவின் கை கடைந்துகொண்டே இருந்தது. காய் கூழாகிவிட்டது, அப்புறமும் கடைந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தலை குனிந்தேன். அதிலேயே அவளுக்கு உறுதியாகிவிட்டது. ஒனேலியா கையிலிருந்த துண்டைப் பிடுங்கினாள்.

"வெளிய போ."

"யூதெல்கா…"

"என் புள்ள தலையிலிருந்து கையை எடு. போடி வெளிய!"

ஒனேலியா போனாள். அன்று முழுக்கக் கதவு திறக்கவில்லை. நான் போய்த் தட்டினேன். உள்ளே மோன்ச்சோ மட்டும் அழுதுகொண்டிருந்தான், மழை இல்லாமலே.

மறுநாள் நான் கடை திறக்கும்போது யூதெல்கா தெருவில் வந்துகொண்டிருந்தாள். ஆலைச் சட்டை போட்டிருந்தாள், பின்னாத தலை, முகமெல்லாம் வீங்கியிருந்தது. சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் வெளியே ஓடி வந்தேன். அவள் ஒனேலியாவின் கதவைக் கையால் அறைந்தாள். ஒனேலியா திறந்தாள்.

"உன்னை நான் மன்னிக்கல" என்றாள் யூதெல்கா. "சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்."

"சரி."

"நேத்து நானே ஊட்டினேன். புரையேறி நீலமா ஆயிட்டான். வேலைக்குப் போகலைன்னா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க. வேற யாருக்கும் அவனைத் தூக்கத் தெரியல." மூச்சு வாங்கினாள். "வா. உன் தம்பியையும் கூட்டிட்டு வா, அவனை இங்க யாரு பாப்பா?"

ஒனேலியா உள்ளே போய் மோன்ச்சோவின் கையைப் பிடித்து நடத்தி வந்தாள். பிரம்பு நாற்காலியை நான் தூக்கிக்கொண்டேன். மூன்று பேருக்கும் முன்னால் யூதெல்கா நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது யூதெல்கா வீட்டு வாசலில் இரண்டு நாற்காலி. ஒனேலியா தினமும் விடியலில் போகிறாள், யூதெல்கா ஆலை விட்டு வந்ததும் திரும்புகிறாள். அன்று கதவில் பேசியதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் இடையே பேச்சு இல்லை. கிண்ணத்தை மட்டும் கைமாற்றிக்கொள்கிறார்கள்.